பேப்பர் வைத்துச் சேர்த்த இரண்டு பெட்டி, மறுநாள் வாசலில் செத்த தேனீ: எங்கே தப்பு?

#1 புதுப்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டும் இந்தியத் தேனீ, நியூட்டன் பெட்டி (இந்தியத் தேனீக்கான சிறிய மரப்பெட்டி), குமரி மாவட்டம். ஒரு பெட்டியில் (அ) ராணி இல்லை, 4 சட்டத்தில் (அடை கட்டும் மரச்சட்டம்) தேனீ. இன்னொன்றில் (ஆ) ராணி உண்டு, ஆனால் 3 சட்டம்தான். சாரல் முடிவதற்குள் இரண்டும் அழிந்துவிடும் என்று சேர்த்துவிட்டேன்.

செய்தது இது: மதியம் 3 மணி. (ஆ) அடியில், மேலே செய்தித்தாள், அதன்மேல் (அ)வின் புழு அறை (முட்டையும் புழுவும் வளரும் பெட்டி). தாளில் பேனாவால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. மேல்பெட்டி வாசலை அடைத்தேன்.

மறுநாள் காலையில் வாசலில் இரண்டு கைப்பிடி செத்த தேனீ. தாள் நடுவில் கிழிந்து கிடக்கிறது. ராணியைக் காணவில்லை. மொத்தமாக 2 சட்டம் தேறும். புத்தகத்தில் போட்டபடிதானே செய்தேன், ஏன் இப்படி?

#2 ரப்பர்க்காடு

பேப்பரே வேண்டாம். மைதா தூவினால் வேலை முடிந்தது.

#3 அடைக்காவலர்

தம்பி, பதில் சொல்வதற்கு முன்னால் நான்கு விஷயம் தெரியணும்.

1. செத்த தேனீயைக் கையில் எடுத்துப் பாருங்க. இரண்டு இரண்டாகக் கட்டிப்பிடித்த மாதிரி, வயிறு உள்வளைந்து கிடந்தால் அது சண்டை. உடம்பு நனைந்து கறுத்து, அடிப்பலகையில் அப்பிக் கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்தது. நாக்கு நீட்டியபடி கிடந்தால் பூச்சிமருந்தையும் சந்தேகப்படணும்.
2. (அ) பெட்டியின் அடையை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, அடையின் சின்னச் சின்ன அறைக்குள் வெளிச்சம் விழுகிற மாதிரி சாய்த்துப் பாருங்க. ஒரு அறையில் எத்தனை முட்டை? அடியில் நடுவிலா, பக்கச் சுவரிலா?
3. (அ)வில் ராணி போய் எத்தனை நாள்?
4. இரண்டு பெட்டியும் எவ்வளவு தூரத்தில் இருந்தன?

#4 புதுப்பெட்டி

செத்தவை காய்ந்துதான் இருக்கின்றன, நிறைய ஜோடிகள். முட்டை ஒரு அறையில் 2, சிலவற்றில் 4. பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருக்கிறது. முட்டையைப் பார்த்ததும் ராணி வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ராணி போய் மூன்று வாரம் இருக்கும். இரண்டு பெட்டிக்கும் இடையில் 40 அடி, அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன்.

#5 அடைக்காவலர்

அப்படியானால் தாள் மேல் குற்றமில்லை. (அ) பெட்டியில் வேலைக்காரத் தேனீயே முட்டையிட ஆரம்பித்துவிட்டது. ராணியின் வயிறு நீளம், முட்டையை அறையின் அடித்தளத்தில் நட்டுவைக்கும். வேலைக்காரிக்கு அந்த நீளம் கிடையாது, அதனால் சுவரில் ஒட்டும். யார் எங்கே இட்டது என்ற ஒழுங்கும் இல்லாததால் ஒரே அறையில் நான்கு ஐந்து சேர்ந்துவிடும். வேலைக்காரி இடும் முட்டையிலிருந்து ஆண்தான் வரும், அதனால் இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் வேலைக்காரி அறைகளிலேயே ஆண்புழு மூடி குமிழ் குமிழாக எழும்பியிருக்கும். நம்ம இந்தியத் தேனீயின் ஆண்புழு மூடியில் உச்சியில் ஊசி குத்தின மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கும். அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்படிப்பட்ட கூட்டம் தனக்கு ராணி இருப்பதாகவே நினைக்கும். உங்க உண்மையான ராணி அவர்களுக்கு அந்நியள். தாளில் வழி கிடைத்ததும் போய்ச் சூழ்ந்து கொன்றிருப்பார்கள். ஐரோப்பிய வகையான இத்தாலியத் தேனீயைவிட நம்ம தேனீயில் இந்த நிலை சீக்கிரம் வந்துவிடும். ராணியும் இளம்புழுவும் இல்லாமல் ஒரு வாரம் தாண்டினாலே பயப்படணும், நீங்க மூன்று வாரம் விட்டிருக்கீங்க.

இரண்டாவது தப்பு ஓட்டை. பேனா போகும் ஓட்டையில் தேனீயும் போகும். தாளை வைத்ததே வீண்.

மூன்றாவது நேரமும் தூரமும். மதியம் 3 மணிக்கு தீனி தேடப் போன தேனீ பாதி வெளியே. திரும்பி வந்தது பழைய இடத்துக்கு, அங்கே பெட்டி இல்லை. அலைந்து திரிந்து பக்கத்துப் பெட்டி வாசல்களில் விழுந்து அங்கேயும் சண்டை மூட்டியிருக்கும். உங்க கணக்கில் 4 சட்டமும் 3 சட்டமும் 2 ஆனதில் இதற்கும் பங்கு உண்டு.

#6 மேற்குமலை

அடைக்காவலர் சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். தாள் எதற்கு என்று தெரிந்தால் ஓட்டையின் அளவு தானாகவே விளங்கும்.

ஒரு கூட்டத்துத் தேனீ தன் கூட்டத்தாளை அடையாளம் காண்பது வாசனையால். அந்த வாசனை பிறவியிலேயே வருவதல்ல, பெரும்பகுதி அடையின் மெழுகிலிருந்தும் பகிர்ந்துண்ணும் உணவிலிருந்தும் மேலே ஒட்டுவது. வாசலில் நிற்கும் காவல் தேனீயைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் தூக்கி, உணர்கொம்பை முன்னே நீட்டி நிற்கும். வந்திறங்குபவளை ஓரிரு விநாடி தடவிப் பார்க்கும். சொந்தக்காரி நிற்காமல் உள்ளே நடப்பாள். அந்நியள் குறுகுவாள், நாக்கை நீட்டி உணவு கொடுக்கப் பார்ப்பாள், இல்லாவிட்டால் காலைக் கவ்விப் பிடித்து இழுபடுவாள்.

கூட்டுக்குள் உணவு கைமாறும் வேகத்தை 1952-இல் இங்கிலாந்தில் நிக்சன், ரிப்பண்ட்ஸ் இருவரும் அளந்தார்கள். கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த சர்க்கரைப்பாகை 6 தேனீக்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 27 மணி நேரம் கழித்துக் கூட்டிலிருந்த தேனீக்களில் ஏறக்குறைய பாதியின் உடம்பில் அது இருந்தது. வாய்க்கு வாய் மாறியே அத்தனை தூரம் போயிருக்கிறது. அது ஐரோப்பியத் தேனீதான், பழக்கம் நம்முடையதற்கும் அதுவே. தாள் நமக்கு வாங்கித் தருவது இந்த ஒரு நாள். ஊசித்துளை வழியாக முதலில் வாசனை போகும், பிறகு நாக்கு போகும், தாளை மென்று வழி பெரிதாகும்போது இரு பக்கமும் ஒரே வாசனை. பேனா ஓட்டையில் முதலில் போனது கொடுக்கு.

ராணி இருக்கிறாள் என்ற செய்தியும் இதே வழியில்தான் பரவுகிறது. ராணியைச் சுற்றி வட்டமாக நிற்பவர்கள் அவளைத் தடவி, நக்கி, அந்த வாசனையோடு அடை முழுக்க நடக்கிறார்கள். ராணி போய்விட்டால் சில மணி நேரத்தில் கூட்டம் பதறத் தொடங்கும். வேலைக்காரிகளின் சூலகத்தை அடக்கி வைப்பதில் மூடாத புழுவின் வாசனைக்கும் பெரும் பங்குண்டு. இரண்டும் போனால் வேலைக்காரி முட்டையிடுவாள்.

#7 சந்தேகம்

ஒரு கேள்வி. இரண்டு கூட்டமும் வேறு வேறு இடத்தில் மேய்ந்தவை. தீனி இருக்கும் இடத்தைச் சொல்லும் நடனம் ஒன்றுக்கொன்று புரியுமா? அப்படியே இத்தாலியத் தேனீ சட்டத்தையும் நம்ம பெட்டியில் சேர்க்கலாமா?

#8 மேற்குமலை

முதல் கேள்விக்குப் பதில், புரியும். ஒரே இனத்துக்கு ஒரே மொழி. அடையில் செங்குத்தாக மேலே ஆடினால் சூரியன் இருக்கும் திசை. காலை 8 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் மேலே ஆடினால் தீனி கிழக்கே, நேர் கீழே ஆடினால் மேற்கே, வலப்பக்கம் படுக்கையாக ஆடினால் தெற்கே. வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் நேரம் தூரத்தைச் சொல்லும். இதைப் படித்துக் காட்டியவர் கார்ல் வான் ஃபிரிஷ், 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950களில் இலங்கைக்கு வந்து நம் பக்கத்து இனங்களின் நடனத்தை ஒப்பிட்டார். கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ அடையின் மேல்தளத்தில், திறந்த வானத்தின் கீழ், தீனி இருக்கும் திசையையே நேராகக் காட்டி ஆடும். இருட்டுக்குள் செங்குத்து அடையில் ஆடும் நம்ம தேனீ அதைப் புவியீர்ப்புக்கு மாற்றிச் சொல்கிறது.

பெட்டியைத் திறந்து நடனம் பார்க்க நினைப்பவர்கள் சட்டத்தை நிழலில், பெட்டியில் தொங்கியது போலவே நிமிர்த்திப் பிடியுங்கள். படுக்க வைத்தால் மேல்கீழ் தெரியாமல் ஆட்டம் குழம்பும்.

இரண்டாவது கேள்விக்கு, வேண்டாம். தூரக் கணக்கு இனத்துக்கு இனம் வேறு. பெங்களூரில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில் இந்தியத் தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ மூன்றையும் ஒப்பிட்டார்கள். குறைந்த தூரம் மேயும் இந்தியத் தேனீ ஒரே தூரத்துக்கு அதிக நேரம் வாலாட்டும், நெடுந்தூரம் போகும் மலைத்தேனீ குறைவாக ஆட்டும். கலப்புக் கூட்டத்தில் ஆசியத் தேனீ ஐரோப்பியத் தேனீயின் நடனத்தைக் கற்றுக்கொண்டதாக 2008-இல் ஓர் ஆய்வு உண்டு, ஆனால் அது ஆய்வுக்காரர்கள் பொத்திப் பொத்தி உண்டாக்கிய கூட்டம். தோட்டத்தில் செய்தால் சண்டையும் நோயும்தான் மிஞ்சும். சட்டத்தின் அளவும் பொருந்தாது.

#9 ரப்பர்க்காடு

நான் சொன்ன மைதாவை யாரும் கண்டுகொள்ளவில்லை. மாசி மாதம் இரண்டு பெட்டிக்கும் மைதாவைத் தூவி, சட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால் ஒரு தேனீகூடச் சாவதில்லை. மாவைத் துடைத்து முடிப்பதற்குள் வாசனை கலந்துவிடும்.

#10 அடைக்காவலர்

மாசியில் சரி அண்ணே, மறுக்கவில்லை. தை மாசியில் ரப்பர் தளிர்விட்டு, மூன்று இலை பிரிகிற காம்பு நுனியில் தேன் சுரக்கிற நேரம். எல்லார் வயிறும் நிறைந்திருக்கும், காவலும் தளர்வு, அந்நியள் தேனோடு வந்தால் வழிவிடும். ஆடி ஆவணியில் தீனி இல்லை, வாசலில் காவல் இரட்டிப்பு. அப்போது மைதா தூவிச் சேர்த்தால் மாவு பூசின பிணம்தான் கிடைக்கும். ஊரே பசியாக இருக்கிற காலத்தில் ஒரு சொட்டுப் பாகு வெளியே சிந்தினாலும் பக்கத்துப் பெட்டிகள் கொள்ளைக்கு வந்துவிடும்.

#11 ரப்பர்க்காடு

ஆடிக்கு ஒத்துக்கொள்கிறேன். மாசிக்கு மைதாதான்.

#12 அடைக்காவலர்

அடுத்த தடவைக்காக முழு முறையையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் யாருக்கு ராணி இல்லை என்று உறுதி செய்யுங்க. முட்டையும் மூன்று நாளைக்குள் பொரித்த புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, தேனீயை உதறிவிட்டு, சந்தேகப் பெட்டியின் நடுவில் வையுங்க. 2, 3 நாளில் அதில் ராணி அறை கட்ட ஆரம்பித்தால் ராணி இல்லை, சேர்க்கலாம். கட்டவில்லை என்றால் கன்னிராணி (இன்னும் புணராத இளம் ராணி) ஒளிந்திருக்கிறாள், அல்லது வேலைக்காரி முட்டையிடுகிறாள். இரண்டிலும் தாள் முறை ஆகாது. கட்டின அறைகளைச் சேர்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் கிள்ளி எடுக்கணும், ஒன்றுகூட விடக்கூடாது.

விரல் முட்டியால் பெட்டியைத் தட்டிக் காது வைத்துக் கேட்கிற பழைய பழக்கமும் உதவும். ராணி உள்ள பெட்டி "உஸ்" என்று ஒரே மூச்சில் சீறி அடங்கும். இல்லாத பெட்டி முனகிக்கொண்டே இருக்கும். ஆனால் இதை மட்டும் நம்பி வேலையில் இறங்காதீங்க.

புழு நோய் இருக்கா பாருங்க. மூடி கிழிந்த அறையில், தலை நிமிர்ந்து படகு மாதிரி கிடக்கிற புழுவைச் சாமணத்தால் எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி வரும். அது தாய்லாந்து சாக்புரூட் என்கிற வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் தெற்கே பெட்டிகளைக் காலி பண்ணின நோய். அப்படிப்பட்ட பெட்டியை எதோடும் சேர்க்காதீங்க.

பிறகு இடம். ராணி இல்லாத பெட்டியை ராணி உள்ள பெட்டியை நோக்கி, பறக்கிற நாள் ஒன்றுக்கு 1 முதல் 2 அடி நகர்த்துங்க. மழை பெய்து வெளியே போகாத நாளைக் கணக்கில் சேர்க்காதீங்க. 40 அடி என்றால் குறைந்தது மூன்று வாரம் ஆகும், அதற்குள் கூட்டம் கெட்டுவிடும். அதனால் தூரமான பெட்டியை அந்தியில் வாசல் அடைத்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வாரம், பத்து நாள் வைத்துவிட்டு நேராகக் கொண்டுவருவதே எளிது. நம்ம தேனீ பெரும்பாலும் 1 கிலோமீட்டருக்குள்தான் மேயும், அவ்வளவு போதும். அங்கே இருக்கும்வரை ஒரு மூடாத புழுச் சட்டம் கொடுத்து வைத்தால் வேலைக்காரி முட்டையிடுவது தள்ளிப்போகும்.

சேர்க்கிற நாள் அந்தி. இருட்டுவதற்கு அரைமணி முன்பு, வெளியே போனவை எல்லாம் வந்தபிறகு. இரண்டுக்கும் லேசாகப் புகை. (ஆ)வின் மூடியை எடுத்து, சட்டங்களின் மேல் முளைத்த மெழுகைச் சுரண்டிச் சமப்படுத்தி, ஒற்றைத் தாள் விரிங்க. பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம். எலுமிச்சை முள்ளால் ஐந்தாறு துளை, தேனீயின் தலை நுழையாத அளவு. துளைகளைச் சுற்றி விரலால் ஒரு தடவு சர்க்கரைப்பாகு, சொட்டக்கூடாது. மேலே ராணி இல்லாத புழு அறை. ஓரத்தில் இடுக்கு இருந்தால் களிமண்ணால் அடையுங்க. மேல்பெட்டியின் காற்றுக்கு மூடியின் வலைத்துளை திறந்திருக்கணும், அதை மறந்தால் விடிவதற்குள் வெந்துவிடும். எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர்.

மறுநாள் வாசலில் தாள் துருவல் கிடந்தால் நல்ல சகுனம். திறக்காதீங்க. மூன்றாம் நாள் திறந்து, மேலே உள்ள நல்ல புழுச் சட்டங்களைக் கீழே நடுவில் இறக்கி, மீதியை எடுத்துவிடுங்க.

#13 புதுப்பெட்டி

ரொம்ப நன்றி அண்ணே. இப்போது என்னிடம் 2 சட்டம் தேனீ, ராணி இல்லை, முட்டையிடும் வேலைக்காரிகள் வேறு. தோட்டத்தில் தூரமாகக் கொண்டுபோய் உதறிவிட்டால் முட்டையிடுபவை திரும்பி வராது என்று ஒருவர் சொன்னார். புழுச் சட்டம் கொடுத்துப் புது ராணி எழுப்பினால் என்ன?

#14 மேற்குமலை

தூரத்தில் உதறுவது பயனற்றது. முட்டையிடும் வேலைக்காரி ராணியைப் போல் பருத்தவள் அல்லள், அவளும் பறப்பாள், வழியும் தெரியும். உதறுகிற இடத்தில் தங்குவது இதுவரை வெளியே பறந்திராத இளம் தாதித் தேனீக்கள்தான், நமக்கு வேண்டியவையும் அவைதான்.

புது ராணி எழுப்ப இது காலமில்லை. முட்டையிலிருந்து ராணி வெளிவர 15, 16 நாள், புணர்ச்சிப் பறப்புக்கு இன்னும் ஒரு வாரம் போல, முட்டையிட மேலும் சில நாள். அவள் பறக்கும்போது வானத்தில் ஆண் தேனீ வேண்டும். பஞ்சக் காலத்தில் பெட்டிகள் ஆண்களைத் துரத்திவிடும். அக்கம்பக்கத்துப் பெட்டி வாசலில் மதியம் அரைமணி உட்கார்ந்து பாருங்கள். கறுத்துப் பருத்த ஆண் தேனீ ஒன்றிரண்டுகூடக் கண்ணில் படவில்லை என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

#15 அடைக்காவலர்

அதே. இந்த 2 சட்டத்தையும் வலுவான பெட்டியில் கரைத்துவிடுங்க. 6 சட்டத்துக்குக் குறையாத பெட்டி வேணும், வலுவில்லாததில் போட்டால் மறுபடி ராணி போகும்.

இரண்டு நாள் அந்தியில் 200 மில்லி பாகு (1 பங்கு சர்க்கரை, 1 பங்கு தண்ணீர்) உள்ளே வையுங்க, வயிறு நிறையட்டும். மூன்றாம் நாள் அந்தியில் வலுவான பெட்டியின் வாசலுக்குச் சரிவாக ஒரு பலகை சாய்த்து வெள்ளைத்துணி விரிங்க. வாசலில் லேசாகப் புகை. சட்டங்களைத் துணியில் உதறுங்க. முதலில் வாசலை எட்டும் சில தேனீ வயிற்றைத் தூக்கி, நுனியை விரித்துச் சிறகடிக்கும். "இங்கே வா" என்று கூப்பிடும் வாசனை அது. மற்றவை அந்த வாசனை பிடித்து எறும்பு வரிசை மாதிரி மேலே ஏறும். கொஞ்சம் சாகும், அது போகட்டும். துணியில் எங்கேயாவது முஷ்டி அளவு கூடிக்கொண்டு நகரவில்லை என்றால் இறகால் தள்ளிவிடுங்க.

காலி அடைகளில் ஆண்புழுப் பகுதியை அறுத்து எடுத்துவிட்டு மீதியை அதே வலுவான பெட்டியின் ஓரத்தில் கொடுங்க. வெளியே வைத்தால் ஒரு வாரத்தில் மெழுகுப்பூச்சி நூல் கட்டிவிடும்.

#16 சந்தேகம்

உதறும்போது வலுவான பெட்டியின் ராணிக்கு ஆபத்து இல்லையா?

#17 அடைக்காவலர்

கொஞ்சம் உண்டு. பயமாக இருந்தால் அவளைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து, நடுச் சட்டங்களுக்கு இடையில் 24 மணி நேரம் தொங்கவிடுங்க. விடுவதற்கு முன் கூண்டு மேல் உள்ள தேனீயை விரலால் ஒதுக்கிப் பாருங்க. எளிதாக நகர்ந்து, வலை வழியாக நாக்கை நீட்டி ஊட்டினால் ஏற்றுக்கொண்டார்கள், விடலாம். கம்பியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, ஒதுக்கினாலும் விடாமல் ஒட்டினால் இன்னும் ஒரு நாள்.

விட்ட பிறகு ராணியைச் சுற்றி எலுமிச்சங்காய் அளவு உருண்டையாகத் தேனீ திரண்டால் கையால் பிரிக்கப் பார்க்காதீங்க, கொடுக்குப் பட்டுவிடும். உருண்டையை அப்படியே ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்க. தானாகக் கலையும், ராணியை எடுத்து மறுபடி கூண்டில் வையுங்க. கொட்டு வாங்கினால் அந்த இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை வரும், அது மற்றவர்களைக் கூப்பிடுகிற அபாய வாசனை. உடனே அந்த இடத்தில் புகை அடிச்சுத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடருங்க. கையில் அந்த வாசனையோடு ராணிக் கூண்டைத் தொடவே கூடாது.

#18 ரப்பர்க்காடு

ஒன்று விட்டுப்போச்சு. சேர்த்த பெட்டி பஞ்சத்தில் ஒட்டுமொத்தமாக ஓடிப்போகப் பார்க்கும். மகரந்தம் வருவது நின்று, முட்டை குறைந்து, இருக்கிற தேனையும் தின்று தீர்த்தால் மூட்டை கட்டுகிறார்கள் என்று அர்த்தம். வாசலில் ராணித் தடுப்பு வாயில் (வேலைக்காரி மட்டும் நுழையும் இடுக்குள்ள தட்டு) போட்டு, பாகு ஊட்டி, வேறு பெட்டியிலிருந்து மூடாத புழுச் சட்டம் ஒன்று நடுவில் கொடுங்க. புழுவை விட்டுவிட்டு அவ்வளவு எளிதில் போக மாட்டார்கள். தடுப்பை 5, 6 நாளுக்கு மேல் வைக்காதீங்க, ஆண் தேனீ வாசலில் சிக்கிச் செத்து வழியை அடைக்கும்.

#19 புதுப்பெட்டி

இன்று அந்தியிலிருந்து பாகு வைக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் 7 சட்டப் பெட்டி ஒன்று இருக்கிறது, கேட்டதற்குச் சரி என்றார். பலகை எத்தனை அடி நீளம் வேண்டும்?

#20 அடைக்காவலர்

இரண்டு அடி போதும். வாசலுக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி விடாதீங்க, துணி நுனி வாசலுக்குள் ஒரு விரல்கடை நுழைந்திருக்கணும். பெட்டி அவருடையது, அதனால் உதறுகிற அன்று அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க, புகைப்பான் பிடிக்க ஆள் வேணும்.